குப்புற வைத்த கோட்டை

சிற்றம்பலத்தைப் பற்றி யாராவது என் காதுபட நல்லதாக ஒரு சொல் சொன்னால் அன்றைக்கு எனக்குச் சோறு இறங்காது. இதை மூடி மறைத்துப் பேச எனக்கு விருப்பமில்லை. நாற்பத்தெட்டு வயதில் யாருக்காக நடிக்க வேண்டும்? எங்கள் ஊர் அக்கராயனில் கோயில் ஐயர் தொடக்கம் உரக்கடைக்காரர் வரைக்கும் அவனைப் 'புரொபெசர்' என்றுதான் சொல்கிறார்கள். பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவன் நான் ஒருவன்தான். அதுவும் சரியில்லை என்று என் மனைவி ஜெகதீஸ்வரி சொல்கிறாள்.

"ஒரு புரொபெசரைப் போய் வாடா போடா எண்டு கதைக்கிறீங்கள். ஆக்கள் என்ன நினைப்பினம்?"

"அவன் எங்கட வளவுக்க தறப்பாளுக்குக் கீழ கிடந்தவன்."

"அதுக்கு இப்ப என்னப்பா? எல்லாரும்தான் எங்கையோ ஒரு தறப்பாளுக்குக் கீழ கிடந்தனாங்கள்."

நான் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வயலைப் பார்க்கப் போய்விடுவேன்.

நான் கிளிநொச்சியில் ஒரு பாடசாலையில் கணித ஆசிரியன். பெயர் பாலன். அவன் வவுனியாவில் பல்கலைக்கழகத்தில் கணிதப் பேராசிரியர். ஒரே வயது, ஒரே வகுப்பு, ஒரே வாத்தியாரிடம் படித்தோம். தொண்ணூற்றாறில் கிளிநொச்சி முழுவதும் இடம்பெயர்ந்தபோது அவனுடைய குடும்பம் எங்கள் வளவுக்கு வந்து தறப்பாள் கூடாரம் அடித்தது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குளத்துத் தண்ணீரில் வயல் செய்த ஆட்கள். அவனுக்கு அப்பப்பாவின் பெயரை வைத்திருந்தார்கள். பத்தொன்பது வயதுப் பெடியனுக்குச் சிற்றம்பலம் என்று பெயர். நாங்கள் அவனைக் 'கிழவர்' என்று கூப்பிட்டோம். கோபிக்கவே மாட்டான், திரும்பிப் பார்த்துச் சிரிப்பான். கோபிக்காத ஆளோடு எப்படித்தான் சண்டை பிடிப்பது?

என் அப்பா பழனியாண்டி எழுபத்தேழு கலவரத்துக்குப் பிறகு அட்டன் பக்கத்திலிருந்து வந்தவர். இங்கே காடு வெட்டி வயலாக்கினார். தேயிலைத் தோட்டத்தில் இருந்த காலத்தில் ஒரு கிளாக்கரிடம் சதுரங்கம் பழகியிருந்தார். அங்கிருந்து கொண்டுவந்த சாமான்களில் பெறுமதியானது என்றால் ஒரு பெட்டி மரக் காய்கள்தான். அந்தக் காய்களை வைத்து அப்பா எனக்குப் பழக்கினார். சிற்றம்பலத்துக்குப் பழக்கியது நான். குதிரை எப்படிப் பாயும் என்று அவனுக்குக் காட்டியவன் நான். இதை யாராவது சந்தியில் எழுதி ஒட்டினால் நல்லது. முதல் மாதம் முழுக்க அவனை உரித்தெடுத்தேன். அடுத்த மாதம் சமமாகப் போனது. அதற்குப் பிறகு இன்றுவரை அவனிடம் ஒரு ஆட்டமாவது வென்றிருக்கிறேனா என்று தயவுசெய்து கேட்காதீர்கள்.

எங்கள் வீட்டுச் சதுரங்கத்தில் ஒரு வழமை இருந்தது. அதைச் சொல்லாமல் மேலே போக முடியாது. ஒரு சிப்பாய் மறுகரையின் கடைசிக் கட்டத்தை அடைந்தால் அதை ராணியாக மாற்றலாம். எல்லோரும் முன்பு வெட்டுப்பட்ட ராணியை எடுத்து அந்த இடத்தில் வைப்பார்கள். அம்மா காய்ச்சலில் இறந்த வருடத்திலிருந்து அப்பா அப்படி வைப்பதில்லை. வெட்டுப்பட்ட ராணியைத் தொடவே மாட்டார். வெட்டுப்பட்ட கோட்டை ஒன்றை எடுத்துத் தலைகீழாக, குப்புற வைப்பார். அதுதான் புது ராணி.

"போனவ போனவதான். புதுசா வர்றவளுக்கு அவ முகம் வேணாம்," என்பார். மலைநாட்டுப் பேச்சு கடைசிவரை அவரை விட்டுப் போகவில்லை.

எங்கள் வளவில் பழகின எல்லோருக்கும் அது கையோடு வந்துவிட்டது. அக்கராயனில் இன்றைக்கும் பெடியள் கோட்டையைத்தான் குப்புற வைக்கிறார்கள். ஏன் என்று கேட்டால் தெரியாது.

உயர்தரப் பரீட்சையில் சிற்றம்பலம் மாவட்டத்தில் முதலாவதாக வந்தான். எனக்குக் கொஞ்சப் புள்ளிகளில் பல்கலைக்கழகம் தவறிப்போனது. அவன் வெளிக்கிட்டுப் போன காலையில் அப்பா அந்தக் காய்ப்பெட்டியை ஒரு பழைய சாரத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தார். என்னிடம் அல்ல. அவனிடம். "தம்பிக்கு அங்க ஆட ஆள் கெடைக்கும்," என்றார். நான் பக்கத்தில் அவனுடைய சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பஸ் எடுக்கிற இடத்துக்கு அவனை ஏற்றிப்போனதும் நான்தான்.

பிறகு அவனுக்கு ஏறுமுகம்தான். கலாநிதிப் பட்டத்துக்கு இங்கிலாந்து போனான். அங்கே முடிச்சுகளைப் பற்றி ஆராய்ச்சி செய்தான். ஓம், கயிற்றில் போடுகிற முடிச்சுத்தான். எந்த முடிச்சும் எந்த முடிச்சும் உள்ளுக்குள் ஒன்றா, வேறா என்று கணக்குப் பார்ப்பதற்கு அவனுக்குச் சம்பளம் கொடுத்தார்கள். நான் தினமும் காலையில் மாட்டுக் கயிற்றை அவிழ்க்கிறேன், எனக்கு ஒருவரும் பட்டம் தரவில்லை. அது போதாதென்று பின்னேரங்களில் அங்குள்ள கழகங்களில் ஆடி ஆடிச் சதுரங்கத்திலும் மாஸ்டர் பட்டம் எடுத்துவிட்டான். ஒரு மனிதனுக்கு ஒரு திறமை காணாதா? கடவுள் அள்ளிக் கொடுக்கும்போது பக்கத்தில் நிற்கிறவனையும் கொஞ்சம் பார்க்கக் கூடாதா?

இரண்டாயிரத்து ஒன்பதில், கடைசிச் சண்டையில், உடையார்கட்டில் செல் விழுந்து அப்பா போனார். அவரை மண்ணுக்குள் வைத்தது நான். சிற்றம்பலம் அப்போது இங்கிலாந்தில் இருந்தான். அதில் அவனுடைய பிழை எதுவுமில்லை. இருந்தாலும் சொல்லி வைக்கிறேன்.

அங்கேயே இருந்திருந்தால் எனக்கு நிம்மதி. வெளிநாட்டில் இருந்துகொண்டு ஊருக்குப் புத்தி சொல்கிற ஆள் என்று மனம் ஆறத் திட்டியிருக்கலாம். அவன் சண்டை முடிந்து சில வருடத்தில் திரும்பி வந்துவிட்டான். வவுனியாவில் படிப்பிக்கத் தொடங்கினான். கல்யாணமும் கட்டவில்லை. கார் வாங்கியிருந்தால் பெருமை பிடித்தவன் என்று சொல்லலாம். அதுவும் வாங்கவில்லை. கிளிநொச்சி பஸ்ஸில் நின்றுகொண்டு வருகிறான். அதற்கும் ஒரு புகழ். "பாருங்கோவன், புரொபெசர் பஸ்ஸில வாறார்." நான் இருபத்தைந்து வருடமாக அதே பஸ்ஸில்தான் போய் வருகிறேன். ஒருத்தரும் பார்க்கச் சொல்லவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

மீள்குடியேறிய பிறகு எங்கள் சனசமூக நிலையத்தில் ஆண்டுதோறும் சதுரங்கப் போட்டி வைக்கத் தொடங்கியது நான். அமரர் பழனியாண்டி ஞாபகார்த்தச் சுழற்கிண்ணம். வவுனியாவிலிருந்தும் முல்லைத்தீவிலிருந்தும் ஆட்கள் வருவார்கள். வென்றவரின் பெயரைக் கிண்ணத்தின் அடிக்கட்டையில் பொறிப்போம். அதில் என் பெயர் அடிக்கடி இருக்கிறது. எங்கள் வீட்டு அலுமாரிக்கு மேலே, அப்பாவின் படத்துக்குப் பக்கத்தில் அந்தக் கிண்ணம் வருடக்கணக்காக இருந்தது. ஜெகதீஸ்வரி கிழமைக்கு ஒருதரம் துடைப்பாள்.

சுழற்கிண்ணம் என்றால் ஒரு வழமை இருக்கிறதல்லவா, மூன்று வருடம் தொடர்ந்து வென்றவருக்கு அது சொந்தம். அந்த விதியை எழுதியதும் நான்தான். நானே வெல்வேன், நானே வைத்துக்கொள்வேன் என்று நம்பி எழுதினேன். இரண்டு வருடம் தொடர்ந்து வெல்வேன், மூன்றாம் வருடம் யாரிடமாவது விட்டுவிடுவேன். இப்படி இரண்டு தரம் நடந்தது.

முன்னர் ஒருநாளும் எட்டிப் பார்க்காத சிற்றம்பலம், இரண்டு வருடத்துக்கு முன் பெயர் கொடுத்தான். வென்றான். போன வருடமும் வென்றான். போன வருடம் கடைசிச் சுற்றில் எதிரே உட்கார்ந்தவன் நான். நான் யோசிக்கிற நேரமெல்லாம் அவன் கண்ணை மூடிக்கொண்டு இருப்பான். நான் காயை நகர்த்தினதும் கண்ணைத் திறந்து, ஒரு பார்வை பார்த்து, தான் நகர்த்திவிட்டு மறுபடி மூடிக்கொள்வான். தேத்தண்ணி ஆறமுதல் எல்லாம் முடிந்தது. இரண்டாம் வருடமும் அலுமாரிக்கு மேலே வட்டமாக ஒரு தடம் மட்டும்தான்.

இந்த வருடமும் வென்றால் கிண்ணம் அவனுக்கே. காய்ப்பெட்டி ஏற்கெனவே அவனிடம். அப்பாவின் பெயரும் போய்விட்டால் பிறகு எனக்கென்று என்ன இருக்கிறது, அந்தப் படத்தைத் தவிர? இதை நினைத்து நினைத்து எனக்கு வயிறு எரிந்தது.

ஆடி அவனை வெல்ல முடியாது. அது எனக்குத் தெரியும். அதனால் இந்த வருடம் நான் ஆடவில்லை. கொழும்புக்குப் போய் நடுவர் பயிற்சி எடுத்துச் சித்தியடைந்து வந்தேன். அவனோடு உட்கார்ந்து தோற்பதை விட, அவனுக்கு மேலே நின்று பார்க்கலாம் என்று ஒரு எண்ணம். அந்தப் பயிற்சியில் ஒரு விதி சொன்னார்கள். கோட்டையைக் குப்புற வைத்துவிட்டு ராணி என்று சொன்னால் செல்லாது. குப்புற வைத்தாலும் கோட்டை கோட்டைதான். நடுவர் வந்து அதை நிமிர்த்தி வைக்க வேண்டும். கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்தது. அப்பா உயிரோடு இருந்திருந்தால் அந்தப் பயிற்றுநரோடு மல்லுக்கு நின்றிருப்பார்.

போட்டி தொடங்கமுதல் எல்லா விதிகளையும் ஒலிவாங்கியில் வாசித்தேன். இதையும் வாசித்தேன். ஒலிவாங்கி இரைந்துகொண்டிருந்தது. கேட்டவர் கேட்டார், கேளாதவர் கேட்கவில்லை. அது என் பிழை இல்லை.

கடைசிச் சுற்றுக்கு முதல் மதியச் சாப்பாடு எங்கள் வீட்டில். ஜெகதீஸ்வரி என்னிடம் கேட்காமலே அவனைக் கூப்பிட்டிருந்தாள். குளத்து விரால் வாங்கிக் குழம்பு வைத்திருந்தாள். எனக்கு அவள் விரால் காய்ச்சிக் கன நாள். மீன் தலையை எடுத்து அவனுடைய சோற்றுக் கோப்பையில் வைத்தாள்.

"மாமாவும் தலையை எனக்குத்தான் வைப்பார்," என்றான் அவன். மாமா என்றது என் அப்பாவை. அவனுக்கு அவர் என்ன முறை என்று நானும் கேட்டதில்லை, அவனும் சொன்னதில்லை.

"உண்மைதான், தலை உனக்குத்தான்," என்றேன். "நான் வாலோட வளர்ந்தனான்."

ஜெகதீஸ்வரி என்னை ஒரு பார்வை பார்த்தாள். சிற்றம்பலம் சிரித்தான்.

"நீ இந்தமுறை விளையாடாதது எனக்குக் கவலை, பாலன்."

"ஏன், உரிக்கிறதுக்கு ஆளில்லையெண்டோ?"

"இல்லை. வேற ஒரு போட்டிக்கும் நான் போறேல்லை. அதெல்லாம் விட்டு எவ்வளவு காலம். இது மாமான்ர பேரில நடக்கிறபடியால்தான் வாறன். உன்னோட இருந்து விளையாடினால் அந்த வளவுக்க இருக்கிற மாதிரி இருக்கும்."

"அந்த வளவு இதுதான். சாப்பிடு," என்றேன்.

கேட்டீர்களா கதையை? என் அப்பாவின் பெயருக்காக வந்தானாம். அப்படியென்றால் தோற்றுவிட்டுப் போகலாமே. மாஸ்டர் பட்டம் வைத்திருக்கிறவன், எங்கள் ஊர்ப் பெடியளோடும் கடைக்காரர்களோடும் ஆடி வென்று, என் அலுமாரியைக் காலியாக்கிவிட்டு, அதற்கு அன்பு என்று பெயர் வைக்கிறான். எனக்கு அந்த விரால் குழம்பு புளித்தது.

கடைசிச் சுற்றில் அவனுக்கு எதிரே இருந்தவர் றிஸ்வான். முல்லைத்தீவில் இரும்புக் கடை வைத்திருக்கிறார். தொண்ணூறில் அவருடைய குடும்பம் எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் புத்தளத்துக்குப் போக நேர்ந்தது. அவர் பிறந்ததும் சதுரங்கம் பழகினதும் அங்கேதான். நிதானமான ஆட்டக்காரர், கடையில் ஆணி நிறுப்பது போலவே ஆடுவார். அந்த நேரத்தில் அவர் சிற்றம்பலத்தை விட அரைப் புள்ளி முன்னுக்கு நின்றார். ஆட்டத்தைச் சமமாக முடித்தாலே கிண்ணம் அவருக்கு. சிற்றம்பலம் கட்டாயம் வென்றாக வேண்டும். நான் மனதுக்குள் றிஸ்வானுக்காக எல்லாக் கடவுளையும் கூப்பிட்டேன். வற்றாப்பளை அம்மனுக்குப் பொங்கலே நேர்ந்துவிட்டேன். அதை இப்போது நினைத்தால் அம்மனிடமும் கோபம் வருகிறது.

மற்ற ஆட்டங்கள் எல்லாம் முடிந்து, சனம் அந்த ஒரு மேசையைச் சுற்றி நின்றது. றிஸ்வான் வேண்டுமென்றே காய்களை ஒன்றுக்கொன்று வெட்டக் கொடுத்து, பலகையை வெறுமையாக்கிக்கொண்டு போனார். சிற்றம்பலம் கண்ணை மூடவேயில்லை. அவன் யோசித்தான், யோசித்தான், மணிக்கூடு ஓடிக்கொண்டிருந்தது. சதுரங்க மணிக்கூட்டில் ஆளுக்கு ஒரு நேரம். தன் நேரம் முடிந்தவர் தோற்பார். ஆனால் எதிராளியிடம் தனி ராசா மட்டுமே மிஞ்சியிருந்தால், நேரம் முடிந்தாலும் ஆட்டம் சமம்தான்.

அப்படித்தான் வந்து நின்றது. றிஸ்வானிடம் ராசா மட்டும், பலகையின் இடது ஓரத்தில், மூலைக்குப் பக்கத்துக் கட்டத்தில். சிற்றம்பலத்திடம் ராசாவும் ஒரு சிப்பாயும். அந்தச் சிப்பாய்க்குக் கடைசிக் கட்டம் இன்னும் ஒரு அடி. அவனுடைய மணிக்கூட்டில் ஒரு சில நொடிகள்.

சிப்பாயைத் தள்ளினான். அடுத்த கணம், பார்க்காமலே, வெட்டுப்பட்ட காய்களுக்குள் கையை விட்டான். ராணி கைக்குக் கிட்ட இருந்தது. அவன் அதைத் தொடவில்லை. கோட்டையை எடுத்து, குப்புற வைத்து, மணிக்கூட்டை அடித்தான்.

அப்பாவின் வழமை. அவசரத்தில் அவனுடைய கை அந்த வளவுக்குப் போய்விட்டது. எனக்கு வேறு ஒன்றும் கண்ணில் படவில்லை, அந்தக் குப்புறக் கிடந்த கோட்டை மட்டும்தான். என் மண்டைக்குள் கணக்கு ஓடியது. ராணி என்றால் நாலைந்து நகர்வில் கதையை முடித்துவிடுவான். தனிக் கோட்டையோடு ராசாவை மடக்குவதென்றால் கன நகர்வு வேண்டும், அவனுக்கு அந்த நேரம் இல்லை. நேரம் முடிந்தால் சமம். சமம் என்றால் கிண்ணம் முல்லைத்தீவுக்கு. அது சுற்றும், அடுத்த வருடம் திரும்பி வரும், என் அலுமாரிக்கே வரலாம்.

சிற்றம்பலத்தின் முகம் மாறியிருந்தது. இத்தனை வருடத்தில் நான் அவனிடம் காணாத முகம். மணிக்கூட்டைப் பார்த்துப் பயந்துவிட்டான் என்று எடுத்துக்கொண்டேன். றிஸ்வான் வாயைத் திறந்து, கையை நீட்டுகிற மாதிரிப் பலகைக்கு மேலே கொண்டுவந்தார். நான் அதற்கிடையில் உள்ளே புகுந்து மணிக்கூட்டை நிறுத்தினேன்.

"பொறுங்கோ," என்றேன். "விதிப்படி குப்புற வைச்ச கோட்டை ராணி ஆகாது. இது கோட்டை."

இரண்டு விரலால் அதைப் பிடித்து நிமிர்த்தி வைத்தேன். பக்கத்தில் நின்ற பெடியளில் ஒருவன் கைபேசியில் படம் எடுத்தான். மணிக்கூட்டைத் திரும்ப ஓடவிட்டேன்.

றிஸ்வானின் கை நடுவழியில் நின்றது. அவர் என்னைப் பார்த்தார். கோபமில்லை, சும்மா ஒரு பார்வை, நல்லாக நிறுத்துக் கொடுத்த சாமானைத் திருப்பிக் கொண்டுவந்தவனைப் பார்ப்பது போல. பிறகு ராசாவை ஒரு கட்டம் கீழே இறக்கினார். அவருக்கு இருந்தது அந்த ஒரு கட்டம் மட்டும்தான். சிற்றம்பலம் கோட்டையை மூலைக்கு ஓட்டினான். செக். ராசாவுக்குப் போக இடமில்லை. மேற்.

ஒரு நகர்வு. அவ்வளவுதான்.

சனம் கைதட்டியது. நான் பலகையைப் பார்த்தபடி நின்றேன். அப்போதுதான், எல்லாம் முடிந்த பிறகுதான், நான் நிமிர்த்தமுதல் அது எப்படி இருந்தது என்று பார்த்தேன். அது ராணியாக இருந்திருந்தால் றிஸ்வானின் ராசாவுக்கு அந்த ஒரு கட்டமும் இல்லை. ராணி சரிவாகவும் போகும், அந்தக் கட்டத்தையும் அடைத்துவிடும். செக்கும் இல்லை, நகர இடமும் இல்லை. இது ஸ்ரேல்மேற் என்று பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். ஆட்டம் அந்த இடத்திலேயே சமம். றிஸ்வான் கையை நீட்டியது அதற்குத்தான். சிற்றம்பலத்தின் முகம் மாறியதும் அதற்குத்தான். நான் வாயைப் பொத்திக்கொண்டு நின்றிருந்தால் மூன்று பேரும் அதை ராணி என்றே எடுத்திருப்போம், கிண்ணம் அவனுக்குப் போயிருக்காது. நான் என் இரண்டு விரலால் அதைத் தூக்கி அவனுக்குக் கொடுத்தேன்.

றிஸ்வான் எழும்பி வந்தார்.

"சட்டம் அப்படியெண்டா சரிதான் சேர். நீங்க சும்மா நிண்டிருந்தா எனக்குக் கப். ஆனா நீங்க சும்மா நிக்கிற ஆள் இல்லை. அதுக்குச் சந்தோசம்." என் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனார். அவருடைய கை சூடாக இருந்தது.

பரிசளிப்பில் சிற்றம்பலத்தைப் பேசச் சொன்னார்கள். அவன் கிண்ணத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு எழுந்தான்.

"இண்டைக்கு இதை எனக்குத் தந்தது நானில்லை, பாலன். பழனியாண்டி மாமா ராணி செத்தால் திரும்ப வைக்கமாட்டார், உங்களில கன பேருக்குத் தெரியும். அந்தப் பழக்கத்தில நான் கோட்டையைக் குப்புற வைச்சிட்டன். வைச்ச பிறகுதான் கண்டன், ராணி எண்டால் சமன் எண்டு. போச்சு எண்டு நினைச்சன். நான் வெல்லுறது பாலனுக்குப் பிடிக்காது, அது எல்லாருக்கும் தெரியும்." சனம் சிரித்தது. "அவன் பேசாமல் நிண்டிருக்கலாம். எண்டாலும் விதி விதிதான் எண்டு வந்து நிமிர்த்தினான். அப்பிடி ஒரு மனிசன் நடுவராய் நிக்கிற இடத்தில விளையாடுறது எனக்குப் பெருமை. மாமா இருந்திருந்தால் அவருக்கும் பெருமையாய் இருந்திருக்கும்."

கைதட்டல் எனக்கு. இத்தனை வருடமாக இந்த மண்டபத்தில் எனக்குக் கிடைக்காத கைதட்டல். ஐயர் எழும்பி நின்று தட்டினார். ஜெகதீஸ்வரி சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தாள். நான் கும்பிட்டேன். வேறு என்ன செய்வது?

சனம் கலைந்த பிறகு அவன் வெளியே வேப்பமரத்துக்குக் கீழே கிண்ணத்தோடு நின்றான். நான் கதிரைகளை அடுக்குகிற சாட்டில் உள்ளேயே நின்றேன். கடைசியில் அவனே வந்தான்.

"பாலன், உண்மையைச் சொல்லு. நீ அந்த ஸ்ரேல்மேற்றைக் காணேல்லைத்தானே?"

கணிதக்காரன். முடிச்சு அவிழ்க்கிறவன். அவனிடம் ஒளிக்க முடியாது என்று தெரியும். இருந்தாலும் என் வாய் தானாகச் சொன்னது.

"கண்டனான்."

அவன் என்னைப் பார்த்தான். அந்தப் பார்வையில் ஒரு இளக்காரம் இருந்திருந்தால் எனக்குப் போதும், அதைப் பிடித்துக்கொண்டு மிச்சக் காலத்தை ஓட்டியிருப்பேன். இல்லை.

"சரி. நீ கண்டனி எண்டே இருக்கட்டும்," என்றான். பிறகு கிண்ணத்தை நீட்டினான். "இதை உங்கட அலுமாரியிலயே வைப்பமோ? மாமான்ர படத்துக்குப் பக்கத்தில இருக்கட்டுமே."

நான் வாங்கியிருக்கலாம். அவன் மனதாரத்தான் கேட்டான். ஆனால் அவன் தந்து நான் வாங்கி, அதையும் ஊர் பேசி, அதற்கும் அவன் புகழ் வாங்கி?

"மூண்டு வருசம் வெண்டவனுக்குச் சொந்தம். விதி விதிதான். கொண்டு போ."

பஸ்ஸில் மடியில் கிண்ணத்தை வைத்துக்கொண்டு போனானாம். கண்டவர்கள் வந்து சொன்னார்கள்.

அன்றிலிருந்து என் பாடு வேறு மாதிரி. சந்தையில் என்னைக் கண்டால் வழிவிடுகிறார்கள். பாடசாலையில் காலைக் கூட்டத்தில் அதிபர் என்னை உதாரணம் காட்டிப் பேசினார். தெரியாத ஆட்களெல்லாம் "பாலன் சேர் எண்டால் நேர்மையான மனிசன்" என்கிறார்கள். நான் அதற்கு ஓம் என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. இல்லை என்றால் அடக்கம் என்று அதையும் கணக்கில் சேர்த்துவிடுகிறார்கள். உண்மை தெரிந்த ஒரே ஆள் சிற்றம்பலம். அவன் ஒருத்தருக்கும் சொல்லமாட்டான் என்பதும் எனக்குத் தெரியும். அந்த நல்ல குணத்தில் இடி விழ.

கைபேசியில் எடுத்த அந்தப் படத்தை ஜெகதீஸ்வரி பெரிதாக்கிச் சட்டம் போட்டுக் கொண்டுவந்தாள். அலுமாரிக்கு மேலே, கிண்ணம் இருந்த தடத்தை மறைத்து, அப்பாவின் படத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறாள். அதில் ஒருவன் குனிந்து நின்று இரண்டு விரலால் கோட்டையை நிமிர்த்துகிறான். முகத்தில் ஒரு பதற்றமுமில்லை. எல்லாம் கண்டுவிட்ட ஆளின் முகம். தன் எதிரி வெல்லப் போகிறான் என்று தெரிந்தும் சரியானதைச் செய்கிற ஆளின் முகம். கிழமைக்கு ஒருதரம் ஜெகதீஸ்வரி அதைத் துடைக்கிறாள், கிண்ணத்தைத் துடைத்ததை விடக் கவனமாக.

"இந்தப் படத்தில நீங்கள் மாமாவைப் போலவே இருக்கிறீங்களப்பா," என்றாள் நேற்று.

நானும் கிட்டப் போய்ப் பார்த்தேன். உண்மைதான். நான் ஒருநாளும் அப்பாவைப் போல இருந்ததில்லை. அந்தப் படத்தில் நிற்கிறவன் இருக்கிறான். இத்தனை வருடம் சிற்றம்பலத்தைப் பார்த்து எரிந்த வயிறு, இப்போது அலுமாரிக்கு மேலே நிற்கிற அந்தப் பாலனைப் பார்த்து எரிகிறது.